அம்மா கட்டிய பிராது

சங்கராபுரம் வட்டம்,
2.2.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி தங்கதுரை எழுதுவது. இங்கே நான், ராதிகா, அபிநயா மூன்று பேரும் சுகம். மலையில் இந்த வருஷம் பனி ஜாஸ்தி என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று ராதிகா கேட்கச் சொன்னாள்.

உன் ஊரில் டவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நீ கரியாலூருக்கு இறங்கி வந்து போன் போடும் நேரத்தில் நான் கரும்பு வெட்டில் இருப்பேன். இது போனில் அவசரமாகச் சொல்லும் விஷயமும் இல்லை. பத்தாவதுக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை, சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே.

அம்மாவின் கருமாதி முடிந்து நீ மலைக்குப் போன மறுநாள், அம்மாவின் சுருக்குப்பையை ராதிகா அலச எடுத்தாள். உள்ளே ஒரு சீட்டு இருந்தது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் சீட்டு. பெரியம்மாள் என்று அம்மா பேர். போன டிசம்பர் ஒன்பதாம் தேதி பிராது கட்டியிருக்கிறது. அந்த வாரம் திட்டக்குடிச் சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் போய் வந்தது. நானும் நம்பினேன்.

மனுஷர்களிடம் சொல்லித் தீராததைத் தாளில் எழுதி, சாமி காலில் வைத்து, அதே கோயில் முனியப்பர் வேலில் கட்டுவார்கள் என்று நமக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். தொண்ணூறு நாளில் தீர்ப்பு. நடுவில் மனசு மாறினால் கட்டினவர்களே போய் வாபஸ் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரியை அது விடாது. அம்மா வாபஸ் வாங்காமலே ஜனவரி பத்தாம் தேதி போய்விட்டது. வருகிற மார்ச் ஒன்பதோடு தொண்ணூறு நாள் முடிகிறது.

யார் மேல் கட்டியது என்பதுதான் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு அத்தையிடம் கேட்டேன். "ஒங்கம்மாவுக்கு ஊர்ல பகையா கிகையா? நீ ஒண்ணு, ஒங்கக்கா ஒண்ணு. ரெண்டுல ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்ப எழுந்து போய்விட்டது. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம் அபிநயாவுக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் கண் திறக்கவில்லை. மோட்டார் எரிந்துபோனது.

அம்மாவுக்குப் பதிலாக நான் போய் வாபஸ் வாங்கி வருகிறேன். பஸ் எனக்கு ஒத்துக்காது என்று உனக்குத் தெரியும், கள்ளக்குறிச்சி தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும். ஸ்கூட்டி ராதிகாவுக்கு வேலைக்குப் போக வேண்டும். கரும்பு வெட்டு முடிந்ததும் சைக்கிளில் கிளம்புகிறேன்.

தீபாவளி கழித்து அம்மா உன்னிடம் பத்து நாள் வந்து இருந்ததே, ஏதாவது சொன்னதா? யோசித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
தங்கதுரை

*

கரியாலூர் வழி,
9.2.2025

அன்புத் தம்பிக்கு அக்கா செந்தமிழ்ச்செல்வி எழுதுவது. நான் நலம். மூட்டு இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அபிநயாவுக்குக் காய்ச்சல் விட்டதா? வெந்நீரே கொடுக்கச் சொல்.

உன் கடிதத்தில் ஏழு பிழைகள். சிவப்பு மையில் திருத்திவிட்டேன், நேரில் வரும்போது தருகிறேன்.

நாற்பத்தொரு வயது வாத்தியார் சொல்கிறேன், கேள். மோட்டார் எரிந்தது சாமியால் இல்லை, குறைந்த மின்னழுத்தத்தில் நீ ஓட்டியதால். தை, மாசி வந்தால் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். சின்னக்கண்ணு அத்தைக்கு வாய் சும்மா இருக்காது. ஊரில் எத்தனை பேர் எத்தனை பிராது கட்டியிருக்கிறார்கள், எல்லோர் வீட்டிலும் இடியா விழுந்தது?

அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தாள். பிள்ளைகளுக்குக் கதை சொன்னாள், சாமை புடைத்தாள். பதினோராம் நாள் மாட்டு நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது, கிளம்பிவிட்டாள். நான்தான் கரியாலூர் வரை வந்து பஸ் ஏற்றிவிட்டேன்.

எழுபது எண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க உனக்கு என்ன பைத்தியமா? போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். சொன்னால் கேட்கிற ஆளும் நீ இல்லை. போவதாக இருந்தால் தொப்பி போட்டுக்கொள், லாரி வருகிற ரோட்டில் போகாதே. நான் எழுதினால் எங்கே கிடைக்கும் என்று சொல்.

அந்தச் சீட்டில் எதிரி பெயர் ஏதும் எழுதியிருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா

*

கள்ளக்குறிச்சி,
20.2.2025

அக்காவுக்கு வணக்கம். நான் சௌக்கியமாகக் கிளம்பிவிட்டேன். அபிநயா பள்ளிக்கூடம் போகிறாள். உனக்கு இருமல் இல்லையே?

சீட்டில் எதிரி பெயர் இல்லை. எனக்கு எழுதுவதாக இருந்தால் என் பெயர் போட்டு, விருத்தாசலம் தலைமைத் தபாலாபீஸ் என்று எழுது. கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

நம் சைக்கிளில் பிரேக் நிற்கவில்லை. ராதிகாவின் தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொண்டேன். ஊதா நிறம், முன்னால் கூடை. சங்கராபுரத்து டீக்கடையில் ஒருத்தன், "இன்னா மாமா, பிளஸ் ஒன் சேந்துட்டியா?" என்றான். பின்னால் இருந்த கும்பல் பூராவும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன் அக்கா.

விடிகிற நேரத்தில் ரோட்டில் புகை மாதிரி பனி. இரண்டு பக்கமும் வெட்டின கரும்புக் காடு, தோகை எரித்த வாசனை. வழியெல்லாம் பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் காயப் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் பாய் விரித்த மாதிரி இருக்கிறது, ஓரமாக மிதித்துப் போனேன். திரும்பிப் பார்த்தால் உன் மலை. எவ்வளவு தூரம் மிதித்தாலும் அது தோளுக்குப் பின்னாலேயே இருக்கிறது. நீ அங்கேயிருந்து பார்த்தால் நான் தெரிவேனா என்று நினைத்துக்கொண்டேன்.

பிராதை முனியப்பர் கையில் எடுத்துக்கொண்டு நேரிலேயே நடந்து போய் விசாரிப்பார் என்று அம்மா சொல்லும். அப்படியானால் அவர் எனக்கு எதிரேதான் வந்தாக வேண்டும். பனிக்குள்ளிருந்து வெள்ளை வேட்டியில் உயரமாக ஒருத்தர் நடந்து வந்தார். கையில் மடித்த தாள். நான் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். கிட்டே வந்து, "தம்பி, இன்சூரன்ஸ் போட்டிருக்கியா?" என்று கேட்டார்.

மீதி நாளை. சத்தமில்லாத ரோடாகப் பார்த்துப் போகிறேன், கவலை வேண்டாம்.

தங்கதுரை

*

வேப்பூர் பக்கம்,
23.2.2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி. கால் வலிக்கிறது, மற்றபடி நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

கள்ளக்குறிச்சியில் கோர்ட்டு, ஆபீசு, ஷேர் ஆட்டோ என்று ஒரே இரைச்சல். ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போனால் யாரோ கதவைச் சாத்தின மாதிரி அமைதி. அதற்கப்புறம் வெறும் சமவெளி. வரப்பு, பனைமரம், தூரத்தில் ஒரு கோபுரம். ஒரு மணி நேரம் மிதித்தாலும் அந்தக் கோபுரம் அதே இடத்தில் நிற்கிறது. நான் போகிறேனா, ரோடு என் அடியில் பின்னால் போகிறதா என்று தெரியவில்லை. மனசு லேசாகிவிடுகிறது.

ஒரு ஊரில் உளுந்துச் செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்பியிருந்தார்கள், வண்டி ஏறினால் மணி உதிரும் என்று. அந்த ரோட்டில் வண்டியே வரவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு அம்மா எழுந்து, "யப்பா, எறங்காத, அது மேலயே ஓட்டிக்கினு போ" என்றார். போனேன். "இன்னொரு தபா வா" என்றார். பிறகு இன்னொரு தடவை. வெயில் சாய்கிற வரை அந்த உளுந்து மேல் நான் போய்வந்துகொண்டே இருந்தேன். சருகு நொறுங்குகிற சத்தம் மட்டும். கூழும் துவையலும் கொடுத்தார்கள், அவர்கள் களத்திலேயே படுக்கச் சொன்னார்கள். அம்மா செத்த பிறகு நான் அழுதது அந்தக் களத்தில்தான்.

அக்கா, உன்னிடம் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். அம்மா உன்னிடம் இருந்த பத்து நாளில் நான் செவலை மாட்டை விற்றுவிட்டேன். சினை நிற்கவில்லை, தீனிக்குக் கட்டவில்லை. அம்மா இருந்தால் விடாது என்று, இல்லாத நேரம் பார்த்து விற்றேன். ஒரு மாதம் இருந்துவிட்டு வரும், பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். பதினோராம் நாளே வாசலில் வந்து நிற்கிறது. "இன்னாம்மா, அதுக்குள்ள வந்துட்ட?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அம்மா என்னைப் பார்த்தது, காலிக் கொட்டகையைப் பார்த்தது, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கப்புறம் ஒரு வார்த்தை திட்டவில்லை.

பிராது என் மேல்தான் அக்கா. கோயிலுக்குப் போய்க் காலில் விழுந்துவிடுகிறேன்.

தங்கதுரை

*

கரியாலூர் வழி,
28.2.2025

அன்புத் தம்பி, நலமா? கால் வலிக்கு நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தடவு. எனக்கு இருமல் இல்லை, நன்றாகத் தூங்குகிறேன்.

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. இங்கே தபால் கரியாலூரிலிருந்து ஜீப்காரர் பழனியின் வண்டியில், அரிசி மூட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வரும். இன்சூரன்ஸ்காரர் கதையை நாலாம் வகுப்புக்குப் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் புரண்டு சிரித்தார்கள். நானும்தான்.

மாட்டு விஷயம் படித்தேன். அட மண்டு, இதற்கா இத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தாய்? மாட்டுக்காகத்தான் இருக்கும், சந்தேகமே இல்லை. அம்மா இங்கே இருந்த பத்து நாளும் செவலை தண்ணீர் குடித்ததா, செவலை படுத்ததா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபத்தில் போய்க் கட்டியிருப்பாள். நீ விழுந்து கும்பிட்டு வாபஸ் வாங்கிவிட்டு ஊர் போய்ச் சேர். ஒரு மாட்டுக்காக எந்தச் சாமியும் ஆளைத் தண்டிக்காது.

காலையில் மேகம் பள்ளிக்கூட வாசல் வரை வந்துவிடுகிறது. பிள்ளைகளை வருகைப் பதிவில் கூப்பிட்டால் குரல் மட்டும் வருகிறது, ஆள் தெரிவதில்லை. கீழே சமவெளியில் நீ ஊதா சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

அம்மா இங்கே இருந்தபோது ஒரு நாள் சாயங்காலம்... சரி, அது இப்போது எதற்கு. மணி அடித்துவிட்டார்கள்.

வாபஸ் வாங்கியதும் உடனே எழுது.

அக்கா

*

12.3.2025

அண்ணிக்கு ராதிகா வணக்கத்துடன் எழுதுவது. நானும் பாப்பாவும் நல்லா இருக்கோம். உங்க உடம்புக்கு எப்படி இருக்கு?

அவர் இன்னும் வரல அண்ணி. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது போன மாசம் இருபத்தஞ்சாம் தேதி. அன்னைக்கு சாயங்காலம் போன் வந்துச்சு. "இன்னாங்க, வாபஸ் வாங்கியாச்சா?"ன்னு கேட்டேன். "பாப்பா சாப்ட்டாளா?"ன்னு கேட்டுட்டு வெச்சிட்டார். அதுலேந்து தெனமும் ஒரு தபா போன் வருது. பாப்பா சாப்ட்டாளா, நீ சாப்ட்டியா, அவ்ளோதான். விருத்தாசலத்துலயே ஒரு வாரம் இருந்தாராம். இப்ப சேத்தியாத்தோப்பு தாண்டிப் போய்க்கினு இருக்கேன்னு சொல்றார். அங்க யாரு இருக்காங்க நமக்கு?

ஒம்போதாம் தேதி தொண்ணூறு நாள் முடிஞ்சிச்சு. அன்னைக்கு பூரா பாப்பாவை வெளிய வுடாம மடியிலயே வெச்சிருந்தேன். ஒண்ணும் ஆவல. ஆனா அவர் குரல் சரியில்ல. உங்களுக்கு ஏதாவது எழுதினாரா? எழுதியிருந்தா எனக்கு ஒரு வரி போடுங்க.

ராதிகா

*

பரங்கிப்பேட்டை,
16.3.2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. நான் நலம். தாமதத்துக்கு மன்னிச்சிக்கோ. உன் கடிதத்தை விருத்தாசலத்தில் வாங்கிக்கொண்டேன். மூட்டுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

நீ சொன்ன மாதிரியேதான். பிராது என் மேல்தான், மாட்டுக்காக. கோயில் வாசலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிராது எழுதிக்கொடுக்கும் ராணியம்மாள் என்று ஒருத்தர் இருக்கிறார். அம்மாவுக்கு எழுதினதும் அவர்தான், நினைவு வைத்துச் சொன்னார். நான் விழுந்து கும்பிட்டு வாபஸ் வாங்கிவிட்டேன். இனி ஒன்றும் இல்லை. நீ நிம்மதியாக இரு.

அப்படியே திரும்பலாம் என்றுதான் இருந்தேன். சைக்கிள் திரும்பவில்லை. விருத்தாசலம் தாண்டினால் முந்திரிக் காடு, பூ விட்டிருக்கிறது. அந்த வாசனைக்குள்ளேயே ஒரு பகல் முழுக்க மிதித்தேன். நம் கோமுகி ஆறு மணிமுத்தாற்றில் சேர்ந்து, மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேருகிறது என்று நீதான் எனக்கு மேப்பு போட்டுக் கொடுத்தாய். அந்தத் தண்ணீர் கூடவே போய்ப் பார்க்கலாம் என்று கரையோடு வந்தேன். மணல்தான் ஜாஸ்தி, நடுவில் கயிறு மாதிரி கொஞ்சம் தண்ணீர். சில நாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொக்கு பறந்தால் அதன் நிழல் என் மேல் ஏறி இறங்கிப் போகும். சாயங்காலம் எந்த ஊர் வருகிறதோ அந்த ஊர்க் கோயிலில் படுத்துக்கொள்வேன்.

கடைசியில் இங்கே ஆறு கடலுக்குள் போகிறது. எது ஆறு எது கடல் என்று பிரிக்க முடியவில்லை. படகு கட்டுகிற ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இன்னா தம்பி, யாரையாவது தேடுறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

நாளை கிளம்பி ஊருக்கு வருகிறேன். நீ எதையும் நினைத்துக்கொண்டிருக்காதே.

தங்கதுரை

*

கரியாலூர் வழி,
24.3.2025

தங்கதுரைக்கு அக்கா எழுதுவது. இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீ ஊர் வந்து சேர்ந்திருப்பாய். கால் வீங்கியிருந்தால் உப்பு வெந்நீரில் வை. நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உனக்குப் பொய் சொல்ல வராது. போகிற வழியில் மூன்று நாளைக்கு ஒரு கடிதம் எழுதினவன் நீ. இன்சூரன்ஸ்காரரைப் பற்றி ஒரு பக்கம், உளுந்தைப் பற்றி ஒரு பக்கம். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இருபது நாள் ஒரு வரி இல்லை. பிராது உன் மேல் என்றால் அன்றைக்கே அழுது நாலு பக்கம் எழுதியிருப்பாய். கோயிலைப் பற்றி ஐந்து வரி, ஆற்றைப் பற்றிப் பத்து வரி எழுதியிருக்கிறாய்.

இன்னொன்று. மாட்டுக்காக அம்மா மணவாளநல்லூர் வரை போகமாட்டாள். உன்னைத் திட்டாமல் அவளுக்குப் பொழுது போனதுண்டா? மாட்டை விற்றதற்கு வாசலிலேயே வைத்துக் கிழித்திருப்பாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை என்றால், அவள் மனசு மாட்டில் இல்லை. நேருக்கு நேர் கேட்க முடிகிறவர்கள் மேல் யாரும் பிராது கட்டுவதில்லை தம்பி. அம்மாவுக்கு வாய் வராதது என்னிடம் மட்டும்தான். நான் படித்தவள், சம்பாதிக்கிறவள், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மலை ஏறினவள். என்னிடம் ஒரு கடுமையான சொல் அவள் சொன்னதே இல்லை.

அம்மா தானாகக் கிளம்பினாள் என்று எழுதினேன். பொய். கரியாலூர் போய் வந்து, "தம்பி போன் போட்டான், ஒன்னை ஒடனே வரச் சொல்றான்" என்று நான்தான் சொன்னேன். இன்னும் ஒரு மாதம் இருக்கலாம் என்று மாற்றுப் புடவை நாலு எடுத்து வந்திருந்தாள். மடித்து நானே பையில் வைத்தேன்.

மாட்டுக் கதையை நீ எழுதியதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? உன் தலையில் தூக்கி வைத்துவிட்டு நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா என்ன எழுதச் சொன்னாள்? ஒரு வரி விடாமல் எழுது.

அக்கா

*

சங்கராபுரம் வட்டம்,
2.4.2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி. வந்து சேர்ந்துவிட்டேன். எல்லோரும் சுகம். ராதிகா இரண்டு நாள் பேசவில்லை, இப்போது பேசுகிறாள்.

உன்னிடம் மறைத்தது தப்புதான். அம்மா அன்றைக்கு வாசலில் நின்று இன்னொன்றும் கேட்டது. "நீதான் வரச் சொன்னியாமே?" என்று. "நான் எங்கம்மா கூப்ட்டேன்?" என்றேன். அதை உனக்கு எழுதாமல் விட்டேன். எழுதினால் உன்னைக் குத்திக் காட்டுகிற மாதிரி இருக்கும். மாடுதான் காரணமாக இருக்கட்டும், மாடுதான் காரணமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் அத்தனை தூரமும் மிதித்தேன்.

ராணியம்மாள் வேப்பமரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா பேரைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். "அந்தம்மா காலைல வந்து சாயங்காலம் வரைக்கும் இங்கதான் குந்திக்கினு இருந்தாங்க. மூணு தபா கிழிச்சுக் கிழிச்சு எழுதுனேன். நானும் இருபது வருசமா எழுதறேன், தண்டனை கேக்காத பிராது அது ஒண்ணுதான்" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எம்பொண்ணு செந்தமிழ்ச்செல்வி மலையில வாத்தியாரா கீது. பத்து நாளு அது கூட இருந்தேன். தம்பி கூப்புடறான்னு சொல்லி பஸ் ஏத்தி வுட்டுச்சு. வூட்டுக்கு வந்தா அவன் கூப்புடவே இல்ல. நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெரியல. அதுகிட்ட கேக்க எனக்கு வாய் வரல. சாமிதான் கேட்டுச் சொல்லணும். அத ஒண்ணும் பண்ணிடாத சாமி. கேட்டா போதும்."

இவ்வளவுதான் அக்கா.

வாபஸ் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். "கேள்விதானப்பா கேட்டிருக்காங்க. பதில் வராம வாபஸ் இன்னான்னு எழுதறது?" என்றார். அதனால் வாபஸ் வாங்கவில்லை. வாங்கிவிட்டேன் என்று எழுதினதும் பொய்தான். உன் கடிதத்தை விருத்தாசலத்தில் வாங்கினபோது எனக்கு இது தெரிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதில் நீ சிரித்திருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் கடல் வரைக்கும் போனேன்.

நீ ஏன் அனுப்பினாய் என்று நான் கேட்கமாட்டேன். அது அம்மா கேட்டது. பரீட்சை முடிந்து நீ இறங்கி வந்தால் நான் கூட வருகிறேன். வழி இப்போது எனக்கு மனப்பாடம்.

தங்கதுரை

*

மணவாளநல்லூர்,
27.4.2025

கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு,

பிராது கட்டியவர்: பெரியம்மாள், சங்கராபுரம் வட்டம். இப்போது உயிருடன் இல்லை.
எதிரி: அவர் மகள் செந்தமிழ்ச்செல்வி, ஆசிரியை, கரியாலூர் வழி.

எதிரி நானே என் கையால் எழுதிக்கொள்வது. தம்பி வழிகாட்ட, நானும் ஒரு சைக்கிளில் மூன்று நாள் விடியலில் மட்டும் மிதித்து இங்கே வந்தேன். பேச வேண்டியதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் சாமியிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கேட்டவளிடமே சொல்கிறேன், தாங்கள் அவளிடம் சேர்த்துவிடவும்.

அம்மா, நீ நல்லா இருக்கியா?

எட்டு வருஷமாக நான் பள்ளிக்கூடம் முடிந்து வந்து, பூட்டைத் திறந்து, இருட்டில் கையால் துழாவி சுவிட்சைப் போடுகிறவள். முதல் வருஷம் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அழுதிருக்கிறேன். அப்புறம் பழகிக்கொண்டேன். பழகிவிட்டேன் என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஊரில் யார் என்ன கேட்டாலும், எனக்கு யாரும் வேண்டாம், நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல முடிந்தது.

நீ வந்த மறுநாள் சாயங்காலம் நான் ஏற்றத்தில் ஏறி வரும்போது வீட்டில் விளக்கு எரிந்தது. அடுப்புப் புகை தெரிந்தது. "வந்துட்டியாம்மா" என்று உள்ளேயிருந்து நீ கேட்டாய். கையில் எடுத்திருந்த சாவியைத் திரும்பப் பையில் போட்டேன். மூன்றாம் நாள் மத்தியானமே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஏழாம் நாள் கடைசிப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தேன். நாற்பத்தொரு வயதில், ஏற்றத்தில், ஓடி வந்தேன்.

அன்றைக்குப் பயந்துவிட்டேன். இன்னும் ஒரு மாதம் நீ இருந்துவிட்டுப் போனால், மறுபடி அந்தப் பூட்டைத் திறக்க என்னால் முடியாது என்று தோன்றியது. அதை உன்னிடம் சொன்னால் நீ போகவே மாட்டாய். நீ போகாவிட்டாலும் ஒரு நாள் செத்துப்போவாய். எப்படியும் நான்தானே அந்த இருட்டில் நிற்க வேண்டும். இப்போதே அனுப்பிவிடலாம், பத்து நாள் பழக்கம்தானே, மறந்துவிடும் என்று நினைத்தேன். தம்பி பெயரைச் சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன்.

மறக்கவில்லை அம்மா. நீ போன பிறகு ஒரு நாள்கூட நான் அந்த ஏற்றத்தில் தலை நிமிர்ந்து வீட்டைப் பார்த்ததில்லை.

என்ன தப்பு செய்தேன் என்று கேட்டாயாம். இந்த வேப்பமரத்தடியில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து யோசித்தாயாம். சோற்றில் உப்பு ஜாஸ்தி போட்டேனா, பிள்ளைகள் முன்னால் ஏதாவது பேசிவிட்டேனா, என் புடவை அழுக்காக இருந்ததா என்று ராணியம்மாளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாயாம்.

நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. நீ இருந்தது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, அதான் அனுப்பிட்டேன்.

இப்படிக்கு,
உன் செல்வி